நீல லாரியும் மிலிட்டரி லாரியும்

லாரி வாங்கப் போகிற இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போன ஆள் அந்தக் காலத்துத் தென்காசியில் என் கணவர் ஒருவராகத்தான் இருப்பார். பிரியத்தினால் அல்ல. அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதிலும் பாதிதான். சின்ன வயதில் காதில் சீழ் வைத்து அப்படி ஆகிவிட்டது. வண்டியைக் கண்ணால் பார்த்துவிடுவார், டயரைத் தட்டிப் பார்த்துவிடுவார். எஞ்சின் என்ன சத்தம் போடுகிறது என்பதை மட்டும் யாராவது சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கும் ஒரு அரிசி மில்லுக்கும் நடுவே ஒரே சுவர்தான். மில் எஞ்சின் திணறினால் தூக்கத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்துத்தான், "நீ வந்து கேட்டுச் சொல்லுட்டி" என்று கூட்டிப் போனார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் காய்கறி மண்டி. பின்னாலேயே வீடு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வரும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் உள்ளி வெங்காயமும் செங்கோட்டை தாண்டி, மலையேறி, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போகும். வாடகை லாரியை நம்பிய தொழில். லாரிக்காரன் ஒரு நாள் வராமல் போனால் அந்த நாள் சரக்கு அழுகல். புது லாரிக்குப் பதிந்து வைத்தாலோ வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய வண்டியாக விசாரித்ததில் இரண்டு அகப்பட்டன. ஒன்று மேலகரத்தில், மற்றது கடையத்தில். இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றை முடிப்பது என்று கிளம்பினோம்.

ஆனி மாதக் கடைசி. குற்றாலச் சீசன் பலமாக இருந்தது. மலையே தெரியாதபடி மேகம் இறங்கிக் கிடந்தது. மேலகரத்துக்காரர் மரக் காண்டிராக்ட் எடுத்து ஓய்ந்தவர். எங்களைக் கண்டதும் வாசலுக்கே வந்துவிட்டார். பால் கொழுக்கட்டை, முறுக்கு, காப்பி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல எங்களை உபசரித்தார். வண்டி வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் நின்றது. கொட்டகையைப் பார்த்தபடி எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ஆடி பொறக்க முந்தி முடிச்சிருவோம் அண்ணாச்சி. ஆடியில யாரும் ஒண்ணும் வாங்க மாட்டாங்க" என்றார். சற்று நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னார்.

நான் அவர் மனைவியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கொட்டகையை ஒட்டிப் போனால் கிணறு பத்தடியில் இருந்தது. அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டை முழுக்கச் சுற்றி, மழைச் சேற்றில் மிதித்து, மறுபக்கமாகக் கிணற்றுக்குப் போனாள். நிறைகுடத்தோடு வந்ததும் அதே வழிதான். ஒரு தடவைகூட வண்டிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

வண்டி என்னவோ அழகு. டீசல் எஞ்சின். நீல நிறத்தில் புதுப் பெயின்ட், பின்னால் புதுப் பலகை, புதுத் தார்ப்பாய். மேலகரத்துக்காரரின் டிரைவர் வந்து கிளப்பினார். நாற்பது வயது இருக்கும், ஒடிசலான மனிதர். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்தருவி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகப் பேச்சு. டிரைவர் வலப்பக்கம், நடுவில் என் கணவர், இடது கதவோரம் நான். நான் ஏறியதும் டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து, வெளியிலிருந்து என் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தினார். வண்டி கிளம்பி மேலகரம் தாண்டியது.

எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. மேட்டில் ஏறும்போதும் திணறவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே, கதவில் கையை ஊன்றலாம் என்று கைப்பிடியைத் தேடினேன். கைப்பிடி இல்லை. கதவின் உட்பக்கம் முழுக்க மொழுமொழுவென்று இருந்தது. கைப்பிடி இருந்த இடத்தில் திருகாணித் துவாரங்களை மக்கு வைத்து அடைத்து, மேலே நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது.

அவரிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். என் பக்கம் இருந்தது அவருடைய இடது காது. தொடையில் தட்டினேன். அவர் வேடிக்கை பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்து மலையைப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்தருவியில் டிரைவர் வந்து திறந்துவிட்ட பிறகுதான் என்னால் இறங்க முடிந்தது. சாரல் முகத்தில் அடித்தது. அருவிச் சத்தம் மரங்களுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"உள்ள கைப்பிடி இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"எங்க போச்சு?"

"கழண்டு போச்சு" என்றார் தரையைப் பார்த்தபடி.

கழன்று விழுந்த இடத்துக்கு யாரும் அத்தனை பதமாக மக்கு வைத்துப் பெயின்ட் அடிப்பதில்லை. வேண்டுமென்றே கழற்றியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது இறக்கம். நான் டிரைவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிறுத்தத் தேவையே இல்லாத இடத்திலும் பிரேக்கை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். பிரேக் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. எதிரே ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கால் மணி நேரப் பயணம்தான். கொட்டகைக்குள் வண்டி நுழைகிற வரைக்கும் முன் பலகையைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

"எஞ்சின் எப்படிட்டி?" என்று கேட்டார் என் கணவர்.

"எஞ்சின் நல்லாருக்கு" என்றேன். அது உண்மை.

மறுநாள் கடையத்துக்கு ரயிலில் போனோம். அங்கே இருந்தது யுத்த காலத்து மிலிட்டரி லாரி. பெட்ரோல் வண்டி. மூக்கு நீண்டு, பச்சை நிறம் வெளுத்து, வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் சாய்ந்தாற்போல நின்றது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் விவசாயி. வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். அவர் எங்களிடம் வண்டியை விற்கப் பார்த்தாரா, விற்காமல் இருக்கப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கும் அண்ணாச்சி. நான் பொய் சொல்ல மாட்டேன். செல்ப் கிடையாது, கம்பி போட்டுத்தான் சுத்தணும். மழை பேஞ்சா உள்ளயும் பேயும். ஏத்தத்துல மாட்டு வண்டியே தாண்டிப் போயிரும்."

என் கணவர் காதைத் திருப்பிக்கொண்டு, "பெறவு என்னதான் வேய் நல்லாருக்கு இதுல?" என்று கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நிக்கச் சொன்னா நிக்கும்" என்றார்.

கம்பியைப் போட்டுச் சுற்றியதும் வண்டி நாலைந்து தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மில் எஞ்சினோடு ஒப்பிட்டால் இது காசநோய்க்காரன் மாதிரி. ஒரு சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்பது எனக்கே கேட்டது. கடையம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தோம். கதவு இருந்த இடத்தில் ஒரு பலகையும் கொக்கியும்தான். ஒரு விரலால் தள்ளினால் திறக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் இரண்டு வண்டியையும் வாய்விட்டுத் தூக்கி நிறுத்துப் பார்த்தார். நீலத்துக்கு டீசல், செலவு குறைவு. மிலிட்டரிக்குப் பெட்ரோல். நீலம் கூடுதலாகப் பாரம் இழுக்கும். மிலிட்டரி சேற்றில் சிக்கினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்து வெளியே வரும். நீலத்துக்கு உதிரிச் சாமான் மதுரையில் கிடைக்கும். மிலிட்டரிக்கு எங்கே போய்த் தேடுவது? அதற்கு மேல், கடையத்துக்காரர் தன் பொருளைத் தானே குறை சொன்னது அவருக்குச் சந்தேகமாக இருந்தது. வெளியே சொன்னது இவ்வளவு என்றால் சொல்லாதது எவ்வளவு இருக்கும் என்றார்.

"நீலத்தையே முடிச்சிருவோம்" என்றார்.

நான் அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். "எனக்கு அது வேண்டாம்."

"எஞ்சின் நல்லாருக்குன்னு நீதானே சொன்ன?"

"கதவு உள்ளேருந்து தொறக்காது. நான் தொடையில தட்டினதே அதுக்குத்தான்."

"ஒரு கைப்பிடி வாங்கி மாட்டுனா தொறக்குது. அதுக்காவ ஒரு வண்டிய வேண்டாம்பியா?"

"வண்டி பூராப் பெயின்ட் அடிச்சிருக்காரு, பலகை மாத்தியிருக்காரு, தார்ப்பாய் புதுசு. ஒரு கைப்பிடி மாட்ட அவருக்கு முடியலையா?"

அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மேலகரத்துக்காரர் ஆள் மேல் ஆள் விட்டார். இவர் ஆடி கழியட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அந்த நீல லாரி எங்கள் மண்டி வாசலில் வந்து நின்றது. மாலை போட்டிருந்தது. இடது பக்கத்து ஜன்னலில், பாதி ஏறிய கண்ணாடிக்கு மேல், ஒரு சிரித்த முகம். எங்களுக்கு அடுத்த வரிசையில் தேங்காய்க்கடை வைத்திருந்தவர். குத்துக்கல்வலசையில் வீடு. என் கணவரைவிட இளையவர், உடன்பிறந்தவர் போலப் பழகுகிறவர். புனலூரிலிருந்து தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி வருவது அவர் தொழில். சரக்கை நேரில் பார்த்துத்தான் எடுப்பார். அதனால் ஒவ்வொரு நடைக்கும் டிரைவரோடு அவரும் போவார்.

அவர் இறங்குவதற்காக அந்த டிரைவர் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டார். வண்டியோடு டிரைவரும் வந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க வேண்டாம்னுட்டீங்களாம்லா அண்ணாச்சி? ஏன்? எதாவது குறை இருக்கா?" என்று தேங்காய்க்கடைக்காரர் கேட்டார்.

பெண்டாட்டி பயந்தாள் என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல தம்பி. எங்களுக்கு ஒத்து வரல" என்றார். டிரைவர் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார்.

அன்று மத்தியானமே நான் குத்துக்கல்வலசைக்குப் போனேன். தேங்காய்க்கடைக்காரர் மனைவி என்னைவிடச் சின்னவள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாயசம் எடுத்து வந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காத. அந்த வண்டியில இடது பக்கம் உள்ள கைப்பிடி இல்ல. உன் வீட்டுக்காரரு அங்கனதான் உக்காருதாரு. ஏன் இல்லைன்னு கேளு. பிரேக்கையும் நல்ல ஒர்க்‌ஷாப்புல காட்டச் சொல்லு."

அவள் முகம் லேசாக மாறியது. நாங்கள் விட்ட வண்டி இன்னொருவருக்குப் போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்திருப்பாள். "சரிக்கா" என்றாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. ஒரு வாரத்தில் கதவில் பளபளவென்று கைப்பிடி வந்துவிட்டது. பிரேக்கையும் கழற்றிப் பார்த்து ரப்பர் எல்லாம் மாற்றியதாகச் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை.

ஆடி கழிந்து நாங்கள் மிலிட்டரி லாரியையே வாங்கினோம். கடையத்துக்காரர் விடைகொடுக்கும்போதுகூட, "பெட்ரோலு விஷயம் நான் சொன்னேன்லா?" என்று கேட்டார். தன் ஊரிலிருந்து ஒரு வயதான டிரைவரையும் பிடித்துக் கொடுத்தார். அந்த வண்டி எங்களைப் படுத்தாத பாடு இல்லை. புரட்டாசியில் ரேடியேட்டர் ஒழுகி நாலு நாள் படுத்துவிட்டது. அப்போது எங்கள் சரக்கை ஏற்றிப் போக நீல லாரி வந்தது.

மழைக்கால இருட்டோடு விடிந்த காலை நேரம். என் கணவரும் தேங்காய்க்கடைக்காரரும் எடை போடும் இடத்தில் நின்றிருந்தார்கள். டிரைவர் தண்ணீர் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தார். செம்பை வாங்கியவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கைப்பிடி போடச் சொன்னது நீங்கதானாம்மா?"

"ஆமா."

"அதக் கழட்டுனது நாந்தாம்மா."

அவர் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியில் மரம் ஏற்றிக்கொண்டு கோட்டவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கியிருக்கிறார்கள். இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் அவருக்கு மச்சினன், அவர் மனைவிகூடப் பிறந்தவன்.

"பாதி எறக்கத்துல பிரேக்கு இல்ல. ‘மாப்ள, பிரேக்கு இல்லடே'ன்னேன். சொல்லிருக்கக் கூடாது. சொன்ன ஒடனே கதவத் தொறந்து குதிச்சிட்டான். பின் சக்கரம்… நான் ஸ்டீயரிங்க விடல. ஒரு மண்மேட்டுல ஏத்தி நிறுத்திட்டேன். எனக்கு ஒரு கீறல் கெடையாது. அவன் பேசாம உக்காந்திருந்தா அவனுக்கும் கெடையாது. வண்டிய எங்கயாவது ஏத்தி நிறுத்தலாம்மா. வெளிய குதிச்சவன நான் என்ன செய்ய?"

"அவருகிட்ட சொன்னீங்களா?"

"மொதலாளிகிட்ட இத எப்படிச் சொல்ல? வண்டிய வித்துப்புட்டா எனக்குச் சோறு?" தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "நீங்க சொல்லுங்கம்மா. அந்தக் கைப்பிடியக் கழட்டிறச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அந்த வண்டி திரும்பி வந்ததும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு தேங்காய்க்கடைக்குப் போனேன். பிரேக் போனது, மச்சினன் குதித்தது, கைப்பிடியைக் கழற்றியது, எதையும் மறைக்காமல் சொன்னோம். தேங்காய்க்கடைக்காரர் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார்.

"பிரேக்குதான் புதுசு மாத்தியாச்சே மைனி. கதவுன்னா தொறக்கணும்லா? கூட்டுக்குள்ள அடைச்சுக் கொண்டு போறதுக்கு நான் என்ன கோழியா?"

அவர் மனைவியும் அன்று கடையில் இருந்தாள். "கைப்பிடி இருக்கட்டும்க்கா. நீங்கதானே போடச் சொன்னீங்க" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை. நன்றியோடுதான் சொன்னாள்.

வரும் வழியில் என் கணவர், "கைப்பிடி இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா? நீ என்ன நெனைக்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கதவு திறக்காத வண்டியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கதவு திறந்ததால் ஒருவன் செத்துப்போன கதையும் கேட்டாயிற்று. இந்த இரண்டில் எதைக் காட்டி யாருக்குப் புத்தி சொல்வது?

அதிலிருந்து நீல லாரியின் ஹாரன் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. விடிந்ததும் போகும், சாயங்காலம் திரும்பும். திரும்பும்போது அடுப்பில் எது கொதித்தாலும் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து இடது பக்க ஜன்னலைப் பார்ப்பேன். அவர் இருப்பார். கையை ஆட்டுவார். சில நாள் தூங்கி வழிந்துகொண்டு வருவார், முழங்கை கைப்பிடி மேல் கிடக்கும். டிரைவர் மட்டும் நேரே ரோட்டைப் பார்த்தபடி போவார். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மேற்கே பார்த்தால் மலை இருந்த இடத்தில் கருப்பாக ஏதோ தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி திரும்பும் நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப்போனது.

அந்த நாள் எங்கள் வண்டி போகவில்லை. மழையில் வெண்டைக்காய் வரத்து இல்லை. நீல லாரி மட்டும் முந்தின நாளே போய்ப் புனலூரில் தங்கிவிட்டு, காலையில் மரச்சீனி ஏற்றிக் கிளம்பியிருந்தது. பதினோரு மணி வாக்கில் செங்கோட்டை பஸ் கண்டக்டர் ஓடிவந்து என் கணவரின் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திச் சொன்னார். அவருக்குக் கேட்கும்படி கத்தினதால் வீட்டுக்குள் இருந்த எனக்கும் கேட்டது. புளியரைக்கு மேலே வளைவில் லாரி பாறையில் மோதிவிட்டது.

அவர் செங்கோட்டைக்கு ஓடினார். நான் குத்துக்கல்வலசைக்குப் போனேன். அவளுக்கு அதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஈரத் தலையோடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"குதிச்சாகளா, உள்ள இருந்தாகளா?"

ஒரு டாக்சியில் தேங்காய்க்கடைக்காரரைக் கொண்டுவந்து தென்காசி ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள். நினைவு இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே துணியால் கட்டியிருந்தது. அந்தத் துணிக்குள் கால் கால் மாதிரி இல்லை. இங்கே முடியாது என்று திருநெல்வேலிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே போய்க் காலை எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தார். புருவத்துக்கு மேலே ஒரு வெட்டு, வேறொன்றும் இல்லை. என்னைக் கண்டதும் கையைக் கூப்பினார்.

"பிரேக்கு போச்சுன்னு இந்தத் தடவ நான் வாயே தொறக்கலம்மா. அவரே கண்டுபிடிச்சிட்டாரு. ‘உக்காருங்க மொதலாளி, உக்காருங்க'ன்னு கத்துனேன். இடது கையால சட்டையப் பிடிச்சேன். சட்டை கிழிஞ்சி எங்கையிலதான் இருந்துச்சு."

அவர் சொல்வதைப் பார்த்தால், உட்கார்ந்திருந்தால் தேங்காய்க்கடைக்காரருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் மனைவி சொன்னது நேர் எதிர். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க கைப்பிடி போடச் சொன்னதாலதான்க்கா அவுக உசுரு இருக்கு. வண்டி மோதுனது இடது பக்கமாம்லா. உள்ள இருந்தா நசுங்கியிருப்பாக. கால் போனாப் போகுது."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. செங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் அந்த வண்டியை இழுத்துவந்து போட்டிருந்தார்கள். என் கணவரோடு போனேன். இடது பக்கம் மட்காடும் கதவும் உள்ளே போயிருந்தன. தகரம் கிழிந்து சுருண்டிருந்தது. சீட்டின் மேல் சேறும் மரச்சீனித் துண்டுகளும் கிடந்தன. என் கணவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சீட்டுக்கும் முன் தகரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்த்தார். ஒரு ஆள் ஒடுங்கி உட்காரலாம் போலவும் இருந்தது, முடியாது போலவும் இருந்தது.

"இது மோதுனதுல இப்படி ஆச்சா?" என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் கேட்டேன்.

"பாதி மோதுனதும்மா. மீதி பாறையில இருந்து எடுக்கையில நெம்புகோல் போட்டு நெம்புனது. எது எதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது."



வண்டியைச் சரிசெய்து கொல்லத்துப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். டிரைவர் அதோடு போகவில்லை. ஒரு நாள் எங்கள் மண்டிக்கு வந்து மிலிட்டரி லாரியை ஓட்ட வேலை கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நல்ல டிரைவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு தடவை பிரேக் இல்லாத வண்டியைப் பள்ளத்தில் விழாமல் நிறுத்தியவர். ஆனாலும் அவர் வண்டியில் நம் வீட்டு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து போவதை நினைத்தபோது என் வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். பிறகு லாரியே ஓட்டுவதில்லை என்றும், குற்றாலத்தில் சீசனுக்கு நேந்திரங்காய் வறுக்கிற கடையில் இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கடைப் பக்கம் நான் போனதில்லை.

தேங்காய்க்கடைக்காரர் கட்டைக் காலோடு கடைக்குத் திரும்பினார். புனலூருக்குச் சரக்கெடுக்க அவர் மனைவி போக ஆரம்பித்தாள், பஸ்ஸில். சரக்கு எங்கள் லாரியில் வரும். என்னிடம் கடைசிவரை அன்பாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு தடவை அவள் எனக்கு நன்றி சொல்லும்போதும், கிழிந்த சட்டைத் துணியைப் பிடித்த அந்த டிரைவரின் கை என் கண்ணில் வரும்.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு நாள் தேங்காய்க்கடைக்காரர் கடையில் தனியாக இருந்தபோது கேட்டுவிட்டேன். "தம்பி, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

அவர் ஒரு தேங்காயை எடுத்துச் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

"எல்லாரும் இதத்தான் கேக்குதாக மைனி. அவ, நான் கதவத் தொறந்து தப்பிச்சேங்கா. அந்த டிரைவர் நான் அவசரப்பட்டேங்காரு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கதவ நான் தொறந்தனா, வண்டி குலுங்குனதுல அதுவாத் தொறந்துச்சா, குதிச்சனா, விழுந்தனா, எதுவும் தெரியாது. மழை பேஞ்சது தெரியும். வளைவுல ஒரு பொம்பளை விறகுக்கட்டோட ஒதுங்கி நின்னா, அவ முகம் தெரியும். பெறவு ஆஸ்பத்திரிதான்." தேங்காயைப் பையில் போட்டார். "அவகிட்ட இதச் சொல்லிராதீங்க. அவளுக்கு அவ சொல்லுததுதான் நெசம். இருந்துட்டுப் போகட்டும்."

வீட்டுக்கு வந்து அதை என் கணவரிடம் சொன்னேன். வலது காதைத் திருப்பி முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் லாரி புனலூருக்குப் போயிருந்தது. பொழுது சாய்வதற்குள் வந்திருக்க வேண்டியது. வரவில்லை. மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. நானும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்குக் கேட்காது என்பதால், தூரத்தில் எந்த வண்டிச் சத்தம் வந்தாலும் நான்தான் தலையை அசைத்துச் சொல்ல வேண்டும். ஒரு பஸ் போனது. இரண்டு மாட்டுவண்டிகள் போயின. விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, இருமிக்கொண்டே அது வந்து சேர்ந்தது. வழியில் டயர் பஞ்சராம்.